காணி இருக்கிறது, ஆளும் இருக்கிறார், உறுதி எங்கே? தீவகத்தின் வீடுகளும் முதியவர்களும்

தீவகத்தில் ஒரு வீடோ காணியோ வாங்க முடியுமா என்று வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் அவ்வப்போது கேட்பார்கள். பண்ணைப் பாலத்தைத் தாண்டி அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று ஒருமுறை பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருக்கும். கூரை விழுந்த வீடுகள், ஆலமரம் சுவரைப் பிளந்து வளர்ந்த வீடுகள், படலை மட்டும் மிஞ்சிய வளவுகள் என்று எண்ணி முடியாது. அதே ஒழுங்கையில் தகரக் கொட்டிலில் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய கல்வீட்டின் ஒழுகாத ஒரே அறையில் தனியாகப் படுத்தெழும்பும் அம்மாமாரும் ஐயாமாரும் இருக்கிறார்கள். ஆளில்லா வீடுகள் இவ்வளவு உள்ள இடத்தில், ஆளுக்கு வீடில்லை.

விலைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். காணி விடயங்களை எழுதுவதற்காகச் சில ஆண்டுகளாகத் தீவகத்துக்குப் போய் வருகிறேன். எனக்குப் பட்ட அளவில் விலை இரண்டாவது பிரச்சினைதான். முதலாவது பிரச்சினை உறுதி. விற்க விரும்புபவரால் விற்க முடியவில்லை, திருத்த விரும்புபவரால் திருத்த முடியவில்லை, குடியிருப்பவருக்கோ குடியிருக்கும் மண்ணில் பெயரில்லை.

அந்தப் பெரிய வீடுகள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்கலாம். புங்குடுதீவு, வேலணை, காரைநகர் ஆட்கள் கொழும்பிலும் தெற்கின் சிறு நகரங்களிலும் கடை வைத்துப் பெயர் எடுத்தவர்கள். தெற்கில் உழைத்த காசு தீவில் வீடாக எழுந்தது. மகள் பிறந்தால் சீதன வீடு, இன்னொரு மகள் பிறந்தால் பக்கத்தில் இன்னொரு வீடு. 1958, 1977, 1983 என்று அடி விழுந்தபோதெல்லாம் கடை எரிந்தது, ஆனால் திரும்பி வர வீடு இருந்தது. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்துக்குள் இறங்கிய பிறகு அந்த வீடும் இல்லாமல் போனது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் பகுதிகளில் பிடித்துச் செல்லப்பட்ட பலர் திரும்பவேயில்லை. அடுத்த ஆண்டு மற்றத் தீவுகளும் படையினரிடம் போக, சனம் யாழ்ப்பாண நகரப் பக்கம் பெயர்ந்தது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஒரு பகுதியினர் அங்கேயே தங்கிக்கொண்டார்கள். போனவர்களில் இயன்றவர்கள் பிரான்ஸ், சுவிஸ், கனடா, இங்கிலாந்து என்று போய்ச் சேர, இயலாதவர்கள் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு வன்னிக்குப் போனார்கள். அவர்களில் பலர் காணி உறுதி இருந்த பையை முள்ளிவாய்க்கால் வரை சுமந்து அங்கே தொலைத்தவர்கள்.

இந்த வீடுகளின் மேல் ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த காணொளிகள் இணையத்தில் நிறைய உண்டு. ஊடகக் கற்கை படித்ததாலோ என்னவோ, அவற்றைப் பார்க்க எனக்குச் சலிப்புத்தான் வருகிறது. கமரா கூரையைக் காட்டும், உறுதியைக் காட்டாது.

பங்குக் கணக்கு

தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்தார்கள், பிரித்தானியர் 1806இல் சட்டமாக ஏற்றார்கள். இன்று நடைமுறையில் உள்ளது பெரும்பாலும் 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1947இன் திருத்தங்களும். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பாகுபாடு எங்கள் வாசகர்களுக்குப் புதிதில்லை. அந்தப் பாகுபாட்டோடு முப்பது வருடப் புலப்பெயர்வு சேரும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே விடயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் பெயரில் பத்துப் பரப்பு வளவு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பதால், இது நூறு பேர்ச். அவர் உறுதி எழுதாமல் இறந்துவிட்டார். ஆறு பிள்ளைகள், அவர்களும் ஒவ்வொருவராகக் காலமாக, ஆளுக்கு நான்கு பிள்ளைகள். இப்போது உரித்தாளர் இருபத்துநான்கு பேர். ஒருவருக்குக் கிடைப்பது நான்கு பேர்ச்சுக்குக் கொஞ்சம் கூட. அதிலே கிணற்றில் பங்கு, வழிவாய்க்காலில் பங்கு வேறு. பத்துப் பேர் பரிஸில், ஐந்து பேர் ரொறன்ரோவில், நான்கு பேர் சூரிச்சில், இருவர் கொழும்பில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. மிஞ்சிய இருவர் அந்த வளவில் குடியிருக்கும் வயதான சகோதரிகள். வளவை முழுதாக விற்க வேண்டுமானால் இருபத்துநான்கு பேரும் ஒப்பமிட வேண்டும்.

தன் பிரிவிடாத பங்கை மட்டும் ஒருவர் விற்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் நான்கு பேர்ச் பங்கை வாங்கி யார் வீடு கட்டுவார்? அப்படி ஒருவர் வாங்க வந்தாலும், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி கூட்டுப் பங்காளிகளுக்கும், விற்பவரின் உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்குத் தெரியாமல் விற்றால் வழக்குக்கு வழி திறக்கும். பக்கத்து வளவுக்காரருக்கும் இந்த உரிமை உண்டென்று ஊரில் இன்னும் நம்புகிறார்கள். அயலவர் என்பதற்காக மட்டும் அந்த உரிமை 1947க்குப் பிறகு கிடையாது.

பிரித்துக்கொள்ள 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடுகைச் சட்டம் இருக்கிறது. அந்த வழக்கில் வரும் தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்பதால் அதுவே உறுதியான வழி. ஆனால் பங்காளிகள் எல்லோரையும் வழக்கில் சேர்க்க வேண்டும். ஒருவர் வழக்கு நடக்கும்போதே இறந்தால் அவரின் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். எழுபத்தைந்து வயதில் ஒருவர் இந்த வழக்கைத் தொடங்கினால் அதன் முடிவைப் பார்ப்பார் என்று எந்தச் சட்டத்தரணியும் உறுதி சொல்லமாட்டார்.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தச் சீதனக் காணியையே கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ நன்கொடை கொடுக்கவோ முடியாது. கணவர் 1990இல் கொண்டுபோகப்பட்டவர் என்றால்? மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும், அல்லது மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும். இறந்தார் என்று ஒரு தாளில் ஒப்பமிட மறுத்து முப்பது வருடத்துக்கு மேலாக வாழ்பவர்களுக்கு, ஒரு கூரையைத் திருத்துவதற்கான விலை அந்த ஒப்பம். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் பிறகு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது நான் சந்தித்த வயதான பெண்களில் பலருக்குத் தெரியவில்லை.

பரிஸுக்குப் போனவரும் வன்னிக்குப் போனவரும்

பத்து வருடம் ஆட்சி செய்தால் காணி சொந்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்வது, உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றி, அவரின் உரிமையை ஏற்காமல் பத்து வருடம் ஆட்சி செய்திருக்க வேண்டும் என்று. உரிமையாளரின் அனுமதியோடு, காவலுக்கென்று குடியமர்த்தப்பட்டவர் எத்தனை வருடம் இருந்தாலும் இருப்பதால் மட்டும் சொந்தக்காரர் ஆகமாட்டார். அதேபோல் ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியாகவே கருதப்படும். இது கொரியா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் கோமறைக் கழகம் 1911இல் சொன்ன தீர்ப்பு, இன்றும் அடிப்படை. மேலே சொன்ன இரு சகோதரிகள் வளவைக் கூட்டிப் பெருக்கி, வரி கட்டி, பனை விழுந்தால் வேலி திருத்தி முப்பது வருடம் காத்திருந்தாலும், அதனால் மட்டும் மற்ற இருபத்திரண்டு பேரின் பங்கு அவர்களுக்கு வராது. “ஆட்சி உறுதி” என்று ஒன்றை நொத்தாரிசிடம் எழுதி வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அது அவர்களின் சொந்தப் பிரகடனம் மட்டும்தான். வழக்கு வந்தால் ஆட்சியை நீதிமன்றில் நிரூபிக்கத்தான் வேண்டும்.

இதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. உரிமை பறிபோகத் தொடங்கிய வேளையில் உரிமையாளர் கடல் கடந்த நாட்டில் இருந்தால், அந்தக் காலம் அவருக்கு எதிராக எண்ணப்படாது. பிரித்தானியர் காலத்துச் சட்டம், யாருக்காக எழுதினார்களோ தெரியாது, பரிஸில் இருக்கும் புங்குடுதீவாருக்குப் பயன்படுகிறது. ஆனால் அதே பிரிவின் காப்புவாசகம், எதிரான ஆட்சி முப்பது வருடத்தைத் தொட்டால் இந்தப் பாதுகாப்பும் இல்லை என்கிறது. 1991இல் விட்டுப்போன ஒரு வளவுக்குள் அப்போதே யாரும் அடாத்தாகப் புகுந்திருந்தால் முப்பது வருடம் 2021இல் முடிந்துவிட்டது. பிறகு புகுந்திருந்தால் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த ஒரு விடயத்துக்காகவாவது தங்கள் காணியில் இப்போது யார், எந்த அடிப்படையில் இருக்கிறார் என்று எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

கடல் கடக்காமல் வன்னிக்குப் போனவருக்கு அந்த 13ஆம் பிரிவில் இடமில்லை. வேலணையிலிருந்து கிளிநொச்சிக்குப் போய், பாதை மூடி, திரும்ப முடியாமல் கிடந்தவர் சட்டத்தின் பார்வையில் நாட்டில்தான் இருந்தார். இந்த அநீதியைச் சரிசெய்ய 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் வழக்குப் போடக் கொடுத்த அவகாசம் இரண்டே வருடங்கள். 2018இல் அது முடிந்தது. மீள்குடியேறி, கொட்டில் போட்டு, கிணறு இறைத்து முடிப்பதற்குள் இரண்டு வருடம் போய்விடும். அந்த அவகாசத்தை நீடிக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைத் தனிநபர் பிரேரணையாகவேனும் கொண்டுவரலாம்.

விலையைத் தீர்மானிப்பது யார்

தீவகத்தில் ஒரு காணிக்கு ஒரு விலை இல்லை. பிரதான வீதிக் கரை, கோயிலடி, நன்னீர்க் கிணறு உள்ள வளவு, கடலைப் பார்த்த காணி ஆகியவற்றுக்கு ஒரு விலை. உள்ளொழுங்கையில், கிணற்றுத் தண்ணீர் உவராகிப்போன வளவுக்கு வேறு விலை. அதற்கு விலையே இல்லை என்றும் சொல்லலாம். சாட்டி, மண்கும்பான் மணல் திட்டிகளுக்குக் கீழே தங்கும் நன்னீரை நம்பித்தான் சுற்றுவட்டாரம் இருக்கிறது. மணல் அள்ளப்பட அள்ளப்பட அந்தத் தண்ணீரும் குறைகிறது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். தண்ணீர் எங்கே நல்லதோ அங்கேதான் காணி விலை.

இதற்கு மேல் நாணயம் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. வெளிநாட்டுக் காசு வைத்திருப்பவருக்குக் காணி மலிந்தது. உள்ளூரில் உழைப்பவருக்கு, முந்திய வருடம் ஆயிரம் ரூபாயளவில் வாங்கிய சீமெந்துப் பை மூவாயிரத்தை ஒட்டிப் போனது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 3,000இலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் காசு இரண்டு, மூன்று பை சீமெந்துக்குத்தான் போதும். நெடுந்தீவென்றால் சீமெந்தும் மணலும் கம்பியும் குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம் போக வேண்டும். ஏற்றுகூலி, இறக்குகூலி, அங்கிருந்து லான்ட்மாஸ்டர் கூலி. சோளகம் அடிக்கும் நாட்களில் படகே ஓடாது, மேசனுக்குக் கூலியும் சாப்பாடும் மட்டும் ஓடும். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போடும் மதிப்பீட்டை நெடுந்தீவில் காட்டினால் சிரிப்பார்கள். முருகைக்கல் வேலி மட்டும்தான் அங்கே செலவில்லாதது, அதுவும் முன்னோர் அடுக்கி வைத்தது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இன்னொரு தடை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்குத் தடையில்லை. நெருங்கிய உறவினரின் இறப்பால் உரித்தாக வருவதற்கும் விலக்கு உண்டு. ஆகவே பிரெஞ்சுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் ஒருவர் தாயின் பங்கை உரித்தாகப் பெறலாம், ஒன்றுவிட்ட அண்ணனின் பங்கைக் காசு கொடுத்து வாங்க முடியாது. சிதறிய பங்குகளை ஒரு கையில் சேர்க்கக் காசு உள்ளவர் பெரும்பாலும் இவர்தான். இதைத் தாண்டுவதற்காக ஊரில் இருக்கும் உறவினர் பெயரில் வாங்கிப் போடுகிறார்கள். காசு கொடுத்தவர் ஒருவர், உறுதியில் பெயர் இன்னொருவர். பெயருக்குரியவருக்கு எழுபது வயது. அவர் கண்ணை மூடினால் காணி அவரின் பிள்ளைகளுக்குத்தான் போகும். இதை நம்பிக்கை என்று சொல்கிறார்கள், நான் ஆபத்து என்றுதான் சொல்வேன்.

புதிய பரபரப்பு மண்டைதீவு. 2025 செப்டெம்பர் 1இல் அங்கே சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். அதே மண்டைதீவில்தான் கடற்படை முகாமுக்காகத் தனியார் காணியை அளக்க வந்த நில அளவையாளர்களை மக்கள் வீதியில் நின்று திருப்பி அனுப்பினார்கள். உரிமையாளர் நேரில் வந்து நின்றதால்தான் அது முடிந்தது. 2025 மார்ச் 28 வர்த்தமானி நினைவிருக்கும். வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்று அறிவித்தது. எதிர்ப்புக்கும் உயர் நீதிமன்ற இடைக்காலத் தடைக்கும் பிறகு அது மீளப்பெறப்பட்டது. அடுத்த அறிவித்தல் எந்த ஊருக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது உறுதியும் ஆளும் இருக்க வேண்டும்.

முதியவர் கையில் இருப்பது

தீவகத்துப் பழைய உறுதிகளில் பல நில அளவைப் படம் இல்லாதவை. கிழக்கெல்லை இன்னாரின் பிள்ளைகள், வடக்கெல்லை ஒழுங்கை, தெற்கெல்லை இன்னாரின் மனைவி என்று எழுதியிருக்கும். அந்த இன்னார் யார், அவரின் வளவு எந்தப் பூவரசோடு முடிந்தது, கிணற்றில் யாருக்கு எத்தனையில் ஒரு பங்கு என்பதெல்லாம் இப்போது எழுபது, எண்பது வயதுக்காரரின் நினைவில்தான் இருக்கிறது. பனையும் வேலியும் அழிந்து வடலிக்காடான இடத்தில் நில அளவையாளருக்கு எல்லை காட்டக்கூடியவர் அவர்தான். பல வளவுகளின் சந்தை விலை ஒரு முதியவரின் ஞாபகத்தில் தங்கியிருக்கிறது. ஆனால் அவருக்குச் சொந்தமாக ஓர் அறை இல்லை.

வீட்டுத்திட்டங்கள் அவருக்கு உதவவில்லை. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் கொடுத்தது. பயனாளி தெரிவில் குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கைக்குப் புள்ளி இருந்ததால், தனித்து வாழும் முதியவர் பின்னுக்குப் போனார். காணி தன் பெயரில் இல்லாதவர் பட்டியலுக்கே வரவில்லை. பின்னர் வீடமைப்பு அதிகார சபையின் திட்டத்தில் முதல் தவணைக் காசை நம்பி அத்திவாரம் போட்ட பலர், 2019 ஆட்சி மாற்றத்தோடு மிகுதி வராமல் நின்றார்கள். சுவர் எழும்பி கூரை ஏறாத அந்த வீடுகள் தீவகத்திலும் உண்டு.

பெற்றோர் உயிரோடு இருக்கும் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. உறுதி தொலைந்தது என்றால் காணி தொலைந்தது என்று அர்த்தமில்லை. நொத்தாரிசுகள் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டக் கடமை. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். இலக்கம் தெரியாவிட்டாலும் பக்கத்து வளவின் உறுதியை வைத்துத் தோம்பு தேடிப் பார்க்க வழியுண்டு. முதியவர் நடமாடக்கூடிய காலத்தில் ஒரு நில அளவையாளரைக் கூட்டி வந்து, அவர் காட்டும் எல்லையை அயலவர் முன்னிலையில் படமாக்கி, அவரின் சத்தியக் கடதாசியையும் எடுத்து வையுங்கள்.

பிள்ளைகளுக்கு எழுதும் பெற்றோர் சீவிய உரித்தைத் தங்களுக்கு வைத்து எழுத வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் சாகும்வரை அந்த வீட்டிலிருந்து யாரும் எழுப்ப முடியாது. அப்படி எழுதாமல் கொடுத்துவிட்டு அலைபவர்களுக்கு, பிள்ளை கடும் நன்றிகேடாக நடந்தால் மீளப்பெற முடியாத நன்கொடையையும் நீதிமன்றம் மூலம் இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி தருகிறது. பராமரிப்புக் கேட்டு விண்ணப்பிக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு சபையும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அற்றோணித் தத்துவம் அனுப்பியவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. கொடுத்தவர் இறந்த கணமே அந்தத் தத்துவம் செத்துவிடும். அதன் பிறகு அதை வைத்து எழுதிய உறுதி வழக்கில்தான் முடியும்.

மற்றவரின் வளவைக் காவல் காத்துக் குடியிருக்கும் முதியவர்களுக்கு, வளவுக்காரர் ஓர் எழுத்து கொடுப்பதால் இழப்பதற்கு எதுவுமில்லை. இன்னாரை எங்கள் அனுமதியோடு அவர் ஆயுள்வரை இருக்க விடுகிறோம் என்று எழுதினால், ஆட்சியுரிமை கோரும் பயம் சொந்தக்காரருக்கு இல்லை, திடீரென எழுப்பிவிடும் பயம் குடியிருப்பவருக்கும் குறையும். ஆயுள்வரை என்று எழுதுவதானால் நொத்தாரிசிடம் போய் எழுதுவதே பாதுகாப்பு. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேட்கலாம். நெடுந்தீவிலிருந்து போகிறவர்கள் காலைப் படகில் வர வேண்டும், கையில் அடையாள அட்டை, கிராம சேவையாளரின் கடிதம், இருக்கிற பழைய தாள் எதுவானாலும், கிழிந்த பற்றுச்சீட்டானாலும், கொண்டுவர வேண்டும்.